சைவம் என்றால் எது வரை?

என் அண்ணன் மகள் திருநெல்வேலியிலிருந்து வேலை கிடைத்து மும்பை வந்து ஒரு மாதம் ஆகிறது. மாட்டுங்காவில் எங்கள் வீட்டில்தான் இருக்கிறாள். வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை கிங்ஸ் சர்க்கிள் பக்கம் பாவ்பாஜி வாங்கித் தரக் கூட்டிப்போனேன். விலைப்பட்டியலைப் படித்தவள் நிமிர்ந்து, “அத்தை, இது முழுக்க சைவக் கடைதானே? அப்புறம் ஏன் சாதா பாவ்பாஜி, ஜெயின் பாவ்பாஜின்னு ரெண்டு போட்டிருக்கு?” என்று கேட்டாள்.

இருபத்தாறு வருடத்துக்கு முன்னால் நான் இந்த ஊருக்கு வந்தபோது எனக்கும் இதே சந்தேகம் இருந்தது. யாரிடமும் கேட்காமல் விட்டேன். அப்போது எங்கள் மாடியில் ஒரு குஜராத்தி ஜெயின் குடும்பம் இருந்தது. அந்த வீட்டுப் பெரியவருக்கு உடம்பு சரியில்லை என்று தெரிந்ததும், சின்ன வெங்காயம் நிறையப் போட்டு சாம்பார் வைத்து, ஒரு தூக்குவாளியில் கொண்டுபோய்க் கொடுத்தேன். கறி, மீன் எதுவும் இல்லை, சைவம்தான் என்று என் அரைகுறை இந்தியில் சொன்னேன். அந்த அம்மாள் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார், நன்றி சொன்னார். அந்த வீட்டு வாசலுக்குள் வெங்காயம் போவதே இல்லை என்று கீழ்த்தளத்து மாமி சொல்லித்தான் பிறகு எனக்குத் தெரிந்தது. நோயாளி இருக்கிற வீட்டில், தொட முடியாத ஒன்றை வைத்துக்கொண்டு அவர்கள் என்ன செய்திருப்பார்கள் என்று நினைத்தால் இன்றும் மனசு உறுத்துகிறது.

அதனால் அவளுக்கு அன்று கடையிலும் அப்புறம் அடுக்களையிலும் சொன்னதை இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன். முதலில் ஒரு விஷயத்தை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். யார் எதைச் சாப்பிட மாட்டார்கள் என்ற பட்டியலை மனப்பாடம் செய்ய வேண்டாம். ஏன் அதை விடுகிறார்கள் என்று தெரிந்துகொண்டால் பட்டியல் தானாக வந்துவிடும்.

நம் சொல்லிலேயே உள்ள சிக்கல்

தமிழில் கறி மீன் சேராத சாப்பாட்டுக்கு நாம் சொல்லும் ‘சைவம்’ என்ற சொல் உண்மையில் ஒரு சமயத்தின் பெயர். சிவனைக் கும்பிடுகிறவர்களில் ஒரு பகுதியினர் புலால் உண்ணாமல் இருந்ததால் சமயத்தின் பெயர் சாப்பாட்டுக்கும் வந்தது. ஆனால் அறுபத்து மூன்று நாயன்மார்களில் ஒருவரான கண்ணப்பர் சிவனுக்குப் படைத்ததே பன்றி இறைச்சிதான். பக்தியும் சாப்பாடும் எப்போதும் ஒரே கோட்டில் போனதில்லை. இலங்கைத் தமிழர்கள் ‘மரக்கறி’ என்கிறார்கள். அந்தச் சொல் எனக்குப் பிடிக்கும். மரம் செடி தந்த கறி, அவ்வளவுதான். அதில் யாருடைய சமயமும் இல்லை.

அரசாங்கத்தின் கோடு வேறு. கடையில் வாங்கும் பொட்டலத்தின் மூலையில் பச்சைச் சதுரத்துக்குள் பச்சைப் புள்ளி இருந்தால் சைவம். பழுப்புச் சதுரத்துக்குள் பழுப்பு முக்கோணம் இருந்தால் அசைவம். முன்பு அசைவத்துக்கும் வட்டப் புள்ளிதான் இருந்தது. நிறம் பிரித்துப் பார்க்க முடியாதவர்கள் குழம்பக்கூடாது என்று அதை முக்கோணமாக மாற்றினார்கள். இந்தியச் சட்டப்படி முட்டை அசைவம், பாலும் தேனும் சைவம். இதுவே பிரிட்டனில் முட்டை போட்ட கேக் சைவக் கணக்கில் சேரும். ‘முட்டையில்லாத கேக்’ என்று மும்பை பேக்கரிகளில் பெரிதாக எழுதி வைப்பதற்குக் காரணம், இங்கே வாடிக்கையாளர்களில் பெரும்பகுதி முட்டையைக் கோட்டுக்கு அந்தப் பக்கம் வைத்திருப்பவர்கள்.

ஜெயின் சமையல்

இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். மும்பையில் வாழ்கிறவருக்கு இது தினமும் தேவைப்படும்.

ஜெயின் சாப்பாட்டின் காரணம் ஒரே சொல்: அஹிம்சை. அதாவது, உயிர்வதையை எவ்வளவு குறைக்க முடியுமோ அவ்வளவு குறைப்பது. நமக்குக் கண்ணில் தெரிகிற ஆடு, கோழியோடு அவர்கள் நிற்பதில்லை. செடிக்கும் உயிர் உண்டு, மண்ணிலும் நீரிலும் கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் உண்டு என்பது அவர்கள் நம்பிக்கை. ஒரு வெண்டைக்காயைப் பறித்தால் செடி பிழைத்துக்கொள்ளும். உருளைக்கிழங்கைத் தோண்டினால் செடியே போய்விடும், கூடவே மண்ணில் உள்ள உயிர்களும் சாகும். போதாததற்கு, கிழங்கு ஒரே உடலில் எண்ணற்ற உயிர்களைத் தாங்கி நிற்பது என்பது அவர்கள் மரபு. ஆகவே உருளை, வெங்காயம், பூண்டு, கேரட், முள்ளங்கி, பீட்ரூட் எதுவும் கிடையாது. பச்சை இஞ்சியும் கிடையாது, ஆனால் பலர் சுக்கு சேர்ப்பார்கள். பச்சை மஞ்சள் கிடையாது, மஞ்சள்தூள் உண்டு. காய்ந்ததில் அந்த உயிர்கள் இல்லை என்பது கணக்கு. தேன் கிடையாது. விதை அதிகமுள்ள கத்தரிக்காயையும், இதழுக்குள் புழு ஒளிந்திருக்கக்கூடிய காலிஃபிளவரையும் தவிர்ப்பவர்கள் நிறைய. அஷ்டமி, சதுர்த்தசி போன்ற திதிகளில் பச்சைக் காய்கறியையே விட்டுவிட்டுப் பருப்பு, தானியத்தோடு முடித்துக்கொள்கிற வீடுகளும் உண்டு.

நேரத்துக்கும் கோடு உண்டு. இருட்டிய பிறகு விளக்கைத் தேடி வரும் பூச்சிகள் சாப்பாட்டில் விழுந்து சாகும் என்பதால், கடைப்பிடிப்பவர்கள் சூரியன் மறைவதற்கு முன் சாப்பிட்டு முடிப்பார்கள். மழைக்காலத்தில், பூச்சி புழு பெருகும் அந்த நான்கு மாதங்களில், கட்டுப்பாடு இன்னும் கூடும்.

காரணம் புரிந்ததா? இப்போது ஜெயின் பாவ்பாஜியில் உருளைக்கிழங்குக்குப் பதில் வாழைக்காய் வருவது ஏன் என்று யாரும் சொல்லித் தர வேண்டாம். மசித்தால் குழைகிற, மண்ணுக்கு மேலே காய்க்கிற ஒரு காய் வேண்டும். அந்த இடத்துக்கு வாழைக்காய் கச்சிதமாகப் பொருந்துகிறது. என் அண்ணன் மகள் அன்று ஜெயின் பாவ்பாஜிதான் கேட்டு வாங்கினாள். பாதி சாப்பிட்ட பிறகுதான், “அத்தை, இது வாழைக்காயா!” என்றாள்.

நம் வீட்டிலும் இப்படி ஒன்று இருக்கிறது

ஜெயின் சமையலைப் பார்த்து வியக்கிற தமிழர்கள் பலர், நம் பக்கத்துத் திதிச் சமையலை நினைத்துப் பார்ப்பதில்லை. முன்னோருக்குத் திதி கொடுக்கும் நாளில் பல வீடுகளில் வெங்காயம், பூண்டு இல்லை. உருளைக்கிழங்கு, கேரட், முட்டைக்கோஸ், தக்காளி இல்லை. மிளகாய்கூட இல்லை, காரத்துக்கு மிளகுதான். மேலோட்டமாகப் பார்த்தால் ஜெயின் பட்டியல் மாதிரியே தெரியும். ஆனால் அதே இலையில் சேப்பங்கிழங்கு வரும், சேனைக்கிழங்கு வரும். ஜெயின் வீட்டில் அவை நுழையாது.

காரணம் வேறு என்பதால்தான் இந்த வேறுபாடு. திதிச் சமையலில் உயிர்க் கணக்கு முதன்மையானதில்லை. அது பழைய சமையலை அப்படியே காப்பாற்றி வைத்திருக்கும் ஒரு பெட்டி. உருளைக்கிழங்கு, தக்காளி, மிளகாய் மூன்றுமே அமெரிக்கக் கண்டத்துப் பயிர்கள். போர்ச்சுக்கீசியர் கடல்வழி வந்த பிறகுதான் இந்தியாவுக்கு வந்தன. மராத்தியில் உருளைக்கிழங்கை ‘படாடா’ என்பார்கள். அது போர்ச்சுக்கீசியச் சொல். படாடா வடாவின் பெயரிலேயே ஒரு கப்பல் பயணம் இருக்கிறது. மிளகாய் வருவதற்கு முன் தமிழ்நாட்டுக் குழம்பு எப்படி ருசித்திருக்கும் என்று அறிய விரும்பினால் திதி நாளன்று மிளகுக் குழம்பைச் சாப்பிட்டுப் பாருங்கள்.

பழைய தமிழர்கள் என்ன சாப்பிட்டார்கள்?

நம்மில் சிலர், ஆதித் தமிழர் எல்லோரும் சைவம் என்று பேசுகிறார்கள். பாட்டுகள் அப்படிச் சொல்லவில்லை. பொருநராற்றுப்படையில் கரிகாலனிடம் போய்வந்த பொருநன், இரவும் பகலும் ஊன் தின்று தின்று தன் பல், புன்செய் உழுத கொழு முனையைப் போல மழுங்கிப்போனது என்கிறான். புறநானூற்றில் கபிலர், சேர அரசன் செல்வக் கடுங்கோ வாழியாதனின் கை ஏன் வன்மையாக இருக்கிறது, பாடி வந்தவர்களின் கை ஏன் மென்மையாக இருக்கிறது என்பதற்கு ஒரு காரணம் சொல்கிறார். கறியும் துவையலும் சோறும் உண்பதைத் தவிர பாடுகிறவர்களின் கைகளுக்கு வேறு வேலை தெரியாதாம்.

அதே மொழியில்தான் திருக்குறளின் 26ஆம் அதிகாரமும் இருக்கிறது, புலால் மறுத்தல். வள்ளுவர் அதை இல்லறவியலில் வைக்கவில்லை, துறவறவியலில் வைத்தார் என்பது கவனிக்க வேண்டியது. அந்த அதிகாரத்தில் எனக்கு மிகவும் பிடித்தது 256ஆம் குறள்:

தினற்பொருட்டால் கொல்லாது உலகெனின் யாரும்
விலைப்பொருட்டால் ஊன்தருவா ரில்.

தின்பதற்காக உலகம் கொல்லாமல் இருந்தால், விற்பதற்காக இறைச்சி தருபவரும் இருக்க மாட்டார். நான் கொல்லவில்லை, கடையில்தானே வாங்குகிறேன் என்ற சமாதானத்துக்குப் பதில் இது. புத்த பிக்குகளின் பழைய விதியோடு இதை வைத்துப் பாருங்கள். தனக்காகவே கொல்லப்பட்டது என்று கண்ணால் காணாமல், காதால் கேட்காமல், மனதில் சந்தேகமும் இல்லாமல் இருந்தால், பிச்சையாக வந்த ஊனைப் பிக்கு ஏற்கலாம். பிச்சை எடுத்து வாழ்கிறவன், போட்டதைச் சாப்பிட வேண்டும். அவனுக்கு அந்த விதி. வள்ளுவரோ வாங்குகிறவனைப் பார்த்துப் பேசுகிறார். உயிர்க்கொலை கூடாது என்பதில் இருவருக்கும் மாறுபாடு இல்லை. யார் நிலையிலிருந்து கேட்கிறோம் என்பது மாறியதும் கோடு நகர்ந்துவிட்டது.

அசோகர் இதை ஓர் அரசாங்க ஆணையாகவே செதுக்கி வைத்தார். அவருடைய முதல் பாறைக் கல்வெட்டு சொல்வது இது: முன்பு அரண்மனைச் சமையலறையில் குழம்புக்காக நாள்தோறும் பல நூறாயிரம் உயிர்கள் கொல்லப்பட்டன. இப்போது மூன்றுதான், இரண்டு மயில், ஒரு மான். அந்த மானும் தினமும் இல்லை. இனி இந்த மூன்றும் கொல்லப்படாது. ஒரே நாளில் மனம் மாறிவிட்டதாகச் சொல்லாமல், இன்னும் மூன்று மீதி இருக்கிறது என்று அந்தப் பேரரசர் ஒத்துக்கொண்டதை நான் மிகவும் மதிக்கிறேன். மும்பைக்காரர்களுக்கு ஒரு செய்தி. நாம் தினமும் விரார் ரயிலில் தாண்டிப் போகும் நாலா சோப்பாராதான் பழைய சோபாரா துறைமுகம். அசோகரின் எட்டாம், ஒன்பதாம் பாறைக் கல்வெட்டுகளின் துண்டுகள் அங்கே கிடைத்தன. எட்டாவதில் அரசர்களின் வேட்டைப் பயணங்கள் நின்று அறப் பயணங்கள் தொடங்கிய செய்தி இருக்கிறது.

நம் காலத்துக்கு அருகில் வந்தால் வடலூர் வள்ளலார். புலால் மறுப்பைப் பசித்தவருக்குச் சோறு போடுவதோடு பிரிக்க முடியாதபடி கட்டியவர் அவர். 1867இல் அவர் தொடங்கிய தருமசாலையின் அடுப்பு இன்றும் எரிகிறது. விலங்கின் மேல் இரக்கம் காட்டிவிட்டுப் பக்கத்தில் பசித்திருக்கும் மனிதரைக் கண்டுகொள்ளாமல் போவதற்கு அவர் வழியில் இடமே கிடையாது.

வெளிநாடுகளில்

சைவம் இந்தியாவுக்கு மட்டும் சொந்தம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அது தவறு.

கிரேக்கத்தில் கி.மு. 6ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த பைதாகரஸ், பள்ளியில் செங்கோண முக்கோணத்தோடு நாம் படித்த அவரேதான், உயிர் ஓர் உடலிலிருந்து இன்னோர் உடலுக்குப் போகும் என்று நம்பினார். அவர் வழி வந்தவர்கள் புலால் தவிர்த்ததால், ஐரோப்பாவில் 19ஆம் நூற்றாண்டு வரை இறைச்சி இல்லாத சாப்பாட்டுக்கே ‘பைதாகரஸ் உணவு’ என்றுதான் பெயர்.

சீனாவில் 6ஆம் நூற்றாண்டில் லியாங் நாட்டை ஆண்ட வூ பேரரசர், பிக்குகளுக்கு இறைச்சியையும் மதுவையும் தடை செய்தார். அங்கே மடங்கள் பிச்சையை நம்பி இல்லை, சொந்தச் சமையலறை வைத்திருந்தன. ஆகவே பழைய பிச்சை விதிக்கு அங்கே வேலை இல்லை. அந்தச் சமையலறைகளில்தான் சோயா டோஃபுவும், கோதுமை மாவைக் கழுவி எடுக்கும் பசையும் நூற்றுக்கணக்கான பண்டங்களாக மாறின. சீன மடங்களிலும் பூண்டு, வெங்காயம் கிடையாது. காமத்தையும் கோபத்தையும் கிளறும் என்று ஐந்து நெடியுள்ள பொருள்களை விலக்கினார்கள். அந்த ஐந்தில் ஒன்றாகப் பெருங்காயத்தையும் சொல்வதுண்டு. வெங்காயம் இல்லாத இடத்தை நிரப்ப நாம் எதைப் போடுகிறோமோ, அதையே அவர்கள் வெங்காயத்தோடு சேர்த்து விலக்கிவிட்டார்கள். இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை, அவ்வளவு வியப்பு.

ஜப்பானில் 675ஆம் ஆண்டு டென்மு பேரரசர் மாடு, குதிரை, நாய், குரங்கு, கோழி ஆகியவற்றை ஆண்டின் சில மாதங்களில் உண்ணத் தடை போட்டார். உழவுக் காலத்தில் உழைக்கும் விலங்குகளைக் காப்பதும் அதில் ஒரு நோக்கம் என்பார்கள். மீனுக்குத் தடை இல்லை. 1872இல் மெய்ஜி பேரரசர் தாமே மாட்டிறைச்சி சாப்பிட்டதாக அறிவித்த பிறகுதான் அந்தப் பழைய தயக்கம் உடைந்தது.

எத்தியோப்பியாவின் பழைமைவாதக் கிறித்தவர்கள் புதனும் வெள்ளியும், அதோடு ஈஸ்டருக்கு முந்தைய நீண்ட நோன்பிலும், இறைச்சி, பால், முட்டை மூன்றையும் விடுவார்கள். நம் புரட்டாசி போல ஒரு கட்டுப்பாடு, ஆனால் மோரும் நெய்யும்கூட இல்லாமல். டெஃப் என்ற சிறுதானிய மாவைப் புளிக்க வைத்துப் பெரிய தோசை போல இன்ஜேரா சுடுவார்கள். அதன் மேல் மசூர் பருப்புக் குழம்பும் கடலைமாவுக் குழம்பும் ஊற்றுவார்கள். ஒரு நெல்லைக்காரி அந்தத் தட்டின் முன் உட்கார்ந்தால் அந்நியமாக உணர மாட்டாள்.

இங்கிலாந்தில் 1847இல் ராம்ஸ்கேட் என்ற கடற்கரை ஊரில் வெஜிடேரியன் சங்கம் தொடங்கியது. அதற்குப் பிறகுதான் அந்தச் சொல் பரவியது. அந்த அலையில் போய்ச் சேர்ந்தவர் காந்தி. இந்தக் கட்டுரை முழுவதற்கும் நடுநாயகமான கதை அவருடையது.

1888 செப்டம்பரில் அவர் பம்பாய்த் துறைமுகத்தில் கப்பல் ஏறுவதற்கு முன், அம்மாவின் கவலையைத் தீர்க்க, பேச்சர்ஜி ஸ்வாமி என்ற ஜெயின் துறவி முன்னிலையில், மது, மாது, மாமிசம் தொடுவதில்லை என்று வாக்குக் கொடுத்தார். லண்டனில் பல நாள் அரைவயிறாக அலைந்து, ஃபாரிங்டன் தெருவில் ஒரு சைவ உணவகத்தைக் கண்டுபிடித்தார். அங்கே விற்பனைக்கு இருந்த, சைவ உணவை ஆதரித்து ஹென்றி சால்ட் எழுதிய சிறு நூலை வாங்கிப் படித்த பிறகு, வாக்குக்காக இருந்த சைவம் தன் சொந்த விருப்பமாக மாறியது என்று எழுதியிருக்கிறார். அதன்பின் ஒரு கேள்வி வந்தது. மாமிசம் என்றால் எது? அங்கே மூன்று விளக்கங்கள் புழங்கின. பறவையும் விலங்கும் மட்டும் மாமிசம் என்றது ஒன்று, அதன்படி மீன் சாப்பிடலாம். எல்லா உயிரினங்களின் ஊனும் மாமிசம், முட்டை சாப்பிடலாம் என்றது இன்னொன்று. மூன்றாவது, முட்டையையும் பாலையும்கூட விலக்கியது. எந்த விளக்கத்தை எடுப்பது? வாக்கு வாங்கியவர் அம்மா, ஆகவே அம்மாவின் மனதில் என்ன பொருள் இருந்ததோ அதுதான் தன்னைக் கட்டும் என்று முடிவு செய்தார். அம்மாவுக்கு முட்டை மாமிசம். எனவே முட்டையை விட்டார்.

சமைத்துக் கொடுக்கிறவர்களுக்கு இதைவிட நல்ல அளவுகோலை நான் பார்க்கவில்லை. சாப்பிடுகிறவர் மனதில் இருக்கும் பொருள்தான் அந்தச் சாப்பாட்டுக்கு அகராதி.

அந்த மூன்றாவது விளக்கம் பிறகு தனிப் பெயர் பெற்றது. 1944இல் டொனால்டு வாட்சனும் நண்பர்களும் வெஜிடேரியன் என்ற சொல்லின் தலையையும் வாலையும் ஒட்டி ‘வீகன்’ என்று பெயர் வைத்தார்கள். கன்றுக்கு உரிய பாலை நாம் எடுக்கிறோம், பால் தராத ஆண் கன்றுகள் இறைச்சிக்குப் போகின்றன, ஆகவே பாலிலும் உயிர்வதை இருக்கிறது என்பது அவர்கள் காரணம். இப்போது மும்பை அலுவலகங்களில் இளைஞர்கள் பலர் வீகன். அவர்களுக்கு வெங்காயம், உருளை எல்லாம் சம்மதம். தயிரும் நெய்யும்தான் ஆகாது. மாடி வீட்டு ஜெயின் பாட்டிக்கு நேர் எதிர்.

‘ப்யூர் வெஜ்’ பற்றி

இதைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. 2014இல் மத்திய அரசு எடுத்த மாதிரிக் கணக்கெடுப்பின்படி, 15 வயதுக்கு மேற்பட்டவர்களில் தமிழ்நாட்டில் 97 சதவீதத்துக்கும் மேல் அசைவம் சாப்பிடுகிறவர்கள். ராஜஸ்தானில் ஏறத்தாழ 75 சதவீதம் சைவம். மகாராஷ்டிராவில் சைவம் 40 சதவீதம். மும்பையில் இந்த எல்லா மாநிலங்களும் ஒரே மாடிப்படியில் ஏறி இறங்குகின்றன. தாராவியில் நம் திருநெல்வேலிக் குடும்பங்களின் ஞாயிற்றுக்கிழமைக் குழம்பு மணக்கிறது. கோலி மீனவர்கள் இந்த ஊரின் முதல் குடிகள். எதிர் வீட்டு, கொங்கணக் கரையைச் சேர்ந்த சாரஸ்வதப் பிராமணக் குடும்பத்தில் மீன் அன்றாட உணவு, ஆனால் மராத்தி ஷ்ராவண மாதத்தில் அதையும் விட்டுவிடுவார்கள். எங்கள் வீட்டிலும் மீன் உண்டு. செவ்வாய், வெள்ளியில் கிடையாது, புரட்டாசி முழுக்கக் கிடையாது.

மீன் சமைப்பார்கள் என்பதற்காக வாடகை வீடு மறுக்கப்பட்டவர்கள் எங்கள் சொந்தத்திலேயே இருக்கிறார்கள். இரண்டு குழந்தைகளோடு ஐந்து வீடு ஏறி இறங்கினார்கள். ஒருவர் ஓர் உயிருக்கு இரங்கித் தன் நாவை அடக்குவது பெரிய காரியம், நான் தலை வணங்குகிறேன். அந்த இரக்கத்தைப் பக்கத்து வீட்டு மனிதரை அசுத்தம் என்று ஒதுக்கப் பயன்படுத்துவது எனக்கு ஏற்கவே முடியாதது. அதனால்தான் ‘சுத்த சைவம்’ என்று சொல்வதையே நான் நிறுத்திவிட்டேன். சைவம் என்றாலே போதும்.

அடுக்களைக்கு வருவோம்

புதிதாகச் சைவம் சமைக்கிறவர்கள் முதலில் சொல்லும் குறை, ருசி நிற்கவில்லை என்பது. இறைச்சியோ வெங்காயமோ தந்த ஆழத்தை வேறொன்று தர வேண்டும். ஒவ்வொரு நாட்டுச் சமையலும் அதற்கு ஒரு வழி கண்டிருக்கிறது. ஜப்பானிய மடங்களில் கொம்பு என்ற கடற்பாசியையும் உலர்ந்த காளானையும் ஊறவைத்த நீர்தான் அடிப்படை. அந்தக் கடற்பாசியிலிருந்துதான் 1908இல் இகேடா என்ற வேதியியல் அறிஞர் குளுட்டமேட் என்ற சுவைப் பொருளைப் பிரித்தெடுத்து, அந்தச் சுவைக்கு உமாமி என்று பெயரிட்டார். நமக்கு அந்த வேலையைப் பெருங்காயமும், வறுத்து அரைத்த மல்லியும் கடலைப்பருப்பும், நன்றாகக் கொதித்து அடங்கிய புளியும், புளித்த மாவும் செய்கின்றன. பெருங்காயத்தைச் சூடான எண்ணெயில் போட்டுப் பொரிய விடுங்கள். கொதிக்கும் குழம்பில் தூவினால் பாதி மணம்தான் கிடைக்கும். கூட்டுப் பெருங்காயத்தில் மைதா கலந்திருக்கும், கோதுமை ஒத்துக்கொள்ளாதவருக்குச் சமைத்தால் பொட்டலத்தைப் பாருங்கள்.

சத்து பற்றி நீட்ட வேண்டியதில்லை. அரிசியில் லைசின் என்ற புரதக் கூறு குறைவு, பருப்பில் அது நிறைய. பருப்பில் மெத்தியோனின் என்ற இன்னொரு கூறு குறைவு, அரிசியில் அது இருக்கிறது. சாம்பார் சாதமும் இட்லியும் பொங்கலும் இதை நமக்காக ஏற்கெனவே தீர்த்துவிட்டன. கீரைக்கு மேல் எலுமிச்சை பிழிந்தால் அதன் இரும்புச் சத்து உடம்பில் நன்றாகச் சேரும். சாப்பிட்ட கையோடு காபி குடித்தால் அது குறையும், ஒரு மணி நேரம் பொறுத்துக் குடியுங்கள். வைட்டமின் பி12 மட்டும் செடியிலிருந்து நம்பும்படி கிடைக்காது. பால், தயிர் சாப்பிடுகிறவர்களுக்கு அதில் கொஞ்சம் வரும். வீகன்கள் மருத்துவரைக் கேட்டு மாத்திரையோ செறிவூட்டிய உணவோ எடுத்தே ஆக வேண்டும், இதில் அலட்சியம் கூடாது.

வெளியே சாப்பிடும்போது ஒளிந்திருப்பவை சில. இத்தாலியப் பார்மீசான் சீஸில் பாலைத் திரிக்கக் கன்றின் இரைப்பையிலிருந்து எடுத்த பொருள் சேரும். நம் பனீர் எலுமிச்சையிலோ தயிரிலோ திரிவதால் அந்தக் கவலை இல்லை. ஜெல்லி மிட்டாய்களில் பலவற்றில் விலங்கின் எலும்பு, தோலிலிருந்து எடுக்கும் ஜெலட்டின் உண்டு. தாய்லாந்துக் கறியில் காய்கறி மட்டும் மிதந்தாலும் அடியில் மீன் சாறு இருக்கலாம்.

போன வாரம் அண்ணன் மகள் எங்கள் தளத்துக்காரர்களை எல்லாம் சாப்பிடக் கூப்பிட வேண்டும் என்றாள். ஜெயின் பாட்டி, எதிர்வீட்டு சாரஸ்வதக் குடும்பம், அவளுடைய அலுவலகத்து வீகன் தோழி, நாங்கள். என்ன சமைப்பது என்று அவளே உட்கார்ந்து யோசித்தாள். கடைசியில் நம் ஊர் சொதியைத் தேர்ந்தெடுத்தாள், மறுவீட்டு விருந்தில் மாப்பிள்ளைக்கு வைக்கும் அதே சொதி. தேங்காய்ப் பாலில் செய்வதால் வீகனுக்குத் தடையில்லை. பாசிப்பருப்பு வழக்கம் போல. வெங்காயம், பூண்டு, உருளை, கேரட்டை எடுத்துவிட்டு முருங்கைக்காய், பீன்ஸ், பச்சைப் பட்டாணி, வாழைக்காய் போட்டாள். இஞ்சிச் சாறுக்குப் பதில் சுக்குத்தூள். தாளிக்க நெய் வேண்டாம், தேங்காய் எண்ணெய். இறக்கி வைத்த பிறகுதான் எலுமிச்சை பிழிந்தாள், கொதிக்கும்போது பிழிந்தால் பால் திரிந்துவிடும்.

பாட்டிக்குப் போன் போட்டு, இன்று திதி என்ன, பச்சைக் காய் சாப்பிடுவீர்களா என்று கேட்டாள். அஷ்டமி நேற்றே முடிந்தது, சாப்பிடுவேன் என்றார் பாட்டி. டிசம்பர் மாதம் மும்பையில் ஆறு மணிக்கெல்லாம் சூரியன் இறங்கிவிடும். நாலே முக்கால் மணிக்கு இலை போட்டோம்.